முட்டி மாற்று ஆபரேஷன் முடிந்து அம்மா வீட்டுக்கு வராங்க: குடியாத்தம் வீட்டை எப்படித் தயார் பண்றது?

குடியாத்தம் சின்னப்பொண்ணு:

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 63 வயது, எடை 62 கிலோ. வேலூரில் வலது முட்டி மாற்று ஆபரேஷன் முடிந்து இன்றோடு மூன்று நாள். நாளை மறுநாள் டிஸ்சார்ஜ். சர்க்கரையும் பிரஷரும் உண்டு, இரண்டுக்கும் மாத்திரைதான், இன்சுலின் இல்லை. வாக்கர் வைத்து வார்டுக்குள் நடக்கிறார்.

எங்கள் வீடு குடியாத்தத்தில், தரைத்தளம். வாசலில் இரண்டு படி, பிடிமானம் எதுவும் இல்லை. கழிவறை பின்கட்டில், இந்திய முறை, எட்டு அங்குல உயரத்துக்கு ஒரு படி ஏறித்தான் போகணும். அக்கா வீடு சத்துவாச்சாரியில், முதல் மாடி, லிஃப்ட் கிடையாது, ஆனால் வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறது. எங்கே வைத்துக்கொள்வது என்று அக்காவுக்கும் எனக்கும் பேச்சு முடியவே இல்லை.

ஆள் கணக்கு: எனக்குப் பத்து நாள் லீவு. அக்காவுக்குச் சனி, ஞாயிறு. தம்பி பெங்களூரு, எப்போது வேண்டுமானாலும் ஒரு வாரம் லீவு எடுக்க முடியும் என்கிறான். சித்தி அடுத்த தெரு. அம்மாவோடு சேர்ந்து பீடி சுத்துகிற பக்கத்து வீட்டு அக்காங்க ரெண்டு பேர் "நாங்க இருக்கோம்டி" என்கிறார்கள், ஆனால் யாரிடம் என்ன வேலை கொடுப்பது என்று தெரியவில்லை.

கத்திரிக்காய், முட்டை, பருப்பு கொடுத்தால் புண் சீழ் வைக்கும் என்று சித்தி பத்தியம் சொல்கிறார். அதைவிடப் பெரிய கவலை, வைகாசி ஒண்ணு, எங்க ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அன்றைக்கு ஆபரேஷன் முடிந்து 25 நாள்தான் ஆகியிருக்கும், வீடு முழுக்க சொந்தக்காரங்க இருப்பாங்க. அம்மா கேட்கிற ஒரே கேள்வி, "எப்ப உக்காந்து பீடி சுத்தலாம்?"

காட்பாடி பிசியோ:

குடியாத்தம் வீடுதான். கழிவறையைச் சில ஆயிரம் ரூபாயில் சரி பண்ணிவிடலாம், அக்கா வீட்டு மாடிப்படியை எதுவும் பண்ண முடியாது. படி ஏறக் கற்றுக்கொடுத்துத்தான் அனுப்புவார்கள். ஆனால் ஒவ்வொரு ரிவ்யூவுக்கும், முதல் இரண்டு வாரத்தில், வீங்கின காலோடு பதினெட்டு இருபது படி என்றால் அவர் வெளியே வரவே பயப்படுவார்.

கழிவறைக்கு: நாலு கால் வைத்த கமோட் சேர் சர்ஜிக்கல் கடையில் விலைக்கும் கிடைக்கும், வாடகைக்கும் கிடைக்கும். ராத்திரி வாளியோடு கட்டில் பக்கத்தில் இருக்கட்டும். பகலில் வாளியை எடுத்துவிட்டு அதையே இந்தியக் கழிவறைக்கு மேலே நிறுத்தலாம். வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். நாலு காலிலும் ரப்பர் புஷ் தேயாமல் இருக்கணும், இரண்டு பக்கமும் கைப்பிடி இருக்கணும். பலர் கைப்பிடி இல்லாத பிளாஸ்டிக் ஸ்டூலை வாங்கி, எழும்போது குழாயைப் பிடிப்பார்கள். குழாய் கையோடு வந்துவிடும். பிளம்பரைக் கூப்பிட்டுச் சுவரில் ஒன்றேகால் அங்குல ஜிஐ பைப் அடியுங்கள், டவல் கம்பி ஆள் எடையைத் தாங்காது. வாசல் படிக்கும் அதே பைப்.

அந்த எட்டு அங்குலப் படியில் ஏறும் வரிசை: வாக்கரின் நாலு காலும் மேல் தளத்தில் முழுசாக உட்காரணும், பிறகு நல்ல கால், பிறகு ஆபரேஷன் கால். இறங்கும்போது வாக்கர் கீழே, பிறகு ஆபரேஷன் கால், கடைசியில் நல்ல கால். "நல்லது மேலே போகும், நோகுறது கீழே போகும்" என்று சொல்லி வையுங்கள், மறக்காது. மேல் தளத்தில் வாக்கர் நிற்க இடம் இல்லை என்றால் அந்தப் படியில் வாக்கரே வேண்டாம், ஒரு கை சுவர்க் கம்பி, இன்னொரு கைக்கு ஆள். கழிவறைக் கதவு எத்தனை அங்குலம், வாக்கர் எத்தனை அங்குலம் என்று இன்றைக்கே அளந்து சொல்லுங்கள்.

வாக்கர் உயரம்: செருப்பு போட்டு நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்புக்கு நேராகக் கைப்பிடி வரணும். உயரம் குறைந்தால் கூனிக்கொண்டு நடப்பார், முதுகு வலிக்கும், முட்டியும் மடங்கியே இருக்கும். செருப்பு பின்வார் வைத்தது. ஹவாய் செருப்பும் வேண்டாம், வெறும் காலும் வேண்டாம். சேலைக் கொசுவம் வாக்கர் காலில் மாட்டும். முதல் ஒரு மாசம் கணுக்காலுக்கு மேலே நிற்கிற நைட்டிதான்.

இனி முட்டி. வீட்டில் பாசத்தோடு செய்கிற முதல் தப்பு, முட்டிக்கு அடியில் தலையணை வைப்பது. வலி குறையும், அம்மா "அப்பாடா" என்பார். இரண்டு வாரம் அப்படி வைத்தால் முட்டி அந்த மடக்கலிலேயே இறுகும், பிறகு நிமிர்த்துவது பெரிய பாடு. தலையணை வைக்கணும் என்றால் குதிகாலுக்கு அடியில் மட்டும், முட்டி காற்றில் நிற்கிற மாதிரி. நிமிர்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சுலபமான வழி உண்டு. கட்டிலில் காலை நீட்டச் சொல்லி, முட்டிக்கு அடியில் உங்கள் உள்ளங்கையை நுழையுங்கள். தாராளமாக நுழைந்தால் முட்டி இன்னும் நிமிரவில்லை. உங்கள் கை கட்டிலோடு நசுங்குகிற அளவுக்கு அம்மா அழுத்தணும். அந்த அழுத்தலே பயிற்சியும் ஆகிவிடும்: ஐந்து எண்ணும் வரை அழுத்திப் பிடிக்கணும், பத்து தடவை, ஒரு நாளைக்கு நாலு வேளை.

பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது, விழித்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் இருபது தடவை. டிவியில் விளம்பரம் வரும்போதெல்லாம் என்று சொல்லிவிட்டால் கணக்கு தானாக வரும். குதிகாலைக் கட்டில் மேல் இழுத்து மடக்குவது, பத்து தடவை, மூன்று வேளை. நடை ஐந்து நிமிஷம், ஒரு நாளைக்கு ஐந்து தடவை, ஒரே மூச்சில் அரை மணி நேரம் வேண்டாம். குதிகால் முதலில் தரையில் படணும்.

மடக்கு எவ்வளவு வந்திருக்கிறது என்று வீட்டிலேயே அளக்கலாம். கைப்பிடி வைத்த நாற்காலியைச் சுவரோடு ஒட்டி, தினமும் அதே இடத்தில் போடுங்கள். அம்மா நன்றாகப் பின்னால் தள்ளி உட்கார்ந்து, குதிகாலை முடிந்தவரை உள்ளே இழுக்கட்டும். குதிகால் நின்ற இடத்தில் தரையில் கோலமாவால் ஒரு கோடு. மறுநாள் அடுத்த கோடு. கோடு நாற்காலியை நோக்கி நகர்ந்துகொண்டே போகணும். குதிகால் முட்டிக்கு நேர் கீழே வந்தால் 90 பாகை. இரண்டு வாரத்துக்குள் அதை எட்டப் பாருங்கள். நாலு நாளாகக் கோடு நகரவே இல்லை என்றால் ரிவ்யூ தேதிக்குக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரியைக் கூப்பிடுங்கள்.

வலி மாத்திரை கொடுத்து அரை மணி முதல் முக்கால் மணி கழித்துப் பயிற்சி, முடித்ததும் ஐஸ். ரப்பர் பையில் ஐஸ் போட்டு, மெல்லிய துண்டு சுற்றி, 15 முதல் 20 நிமிஷம். டிரஸ்ஸிங் நனையாமல் மேலே ஒரு பிளாஸ்டிக் கவர். யாராவது வெந்நீர் ஒத்தடம், எண்ணெய் உருவுதல் என்று கிளம்புவார்கள். இரண்டும் வேண்டாம். சூடு வீக்கத்தை ஏற்றும், தழும்புக்கு வெளிப்பக்கம் தோல் மரத்துப்போயிருப்பதால் சுட்டாலும் தெரியாது. கெண்டைக்காலை உருவினால், உள்ளே ரத்தக் கட்டி இருந்தால் அது நகரும்.

வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்க ஆள் வேண்டும் என்றால் தனியார்தான் என்று நினைக்காதீர்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருவதும் அடக்கம். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் டிஸ்சார்ஜ் தாளைக் காட்டிக் கேளுங்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரையும் அதே திட்டத்தில் வீட்டுக்கு வரும்.

ராத்திரி டூட்டி சிஸ்டர்:

பிசியோ சொன்னதுக்கு மேலே மாத்திரையும் காயமும் மட்டும் சொல்றேன்.

நாற்பது பக்க நோட்டு ஒண்ணு வாங்குங்க. நேரம், மாத்திரை, யார் கொடுத்தது, மூணு பத்தி. மாத்திரை ஒருத்தர் பொறுப்புலதான் இருக்கணும். வேற யாராவது கொடுத்தா அந்த நிமிஷமே நோட்டுல எழுதணும். சித்தி ஒரு தடவை, நீங்க ஒரு தடவைன்னு ரெண்டு தரம் போறது வீட்டுல சகஜம். பாராசிட்டமால்ல கணக்கு தப்புறது இன்னும் சுலபம். டோலோ 650 மூணு வேளைன்னா 1950 மில்லிகிராம். கூடவே டிராமடால் கலந்த வலி மாத்திரை எழுதியிருந்தா, அதுல பெரும்பாலும் ஒவ்வொண்ணுலயும் இன்னும் 325 இருக்கும். காய்ச்சல்னு மெடிக்கல்ல வாங்குற மாத்திரையிலயும் அதே மருந்துதான். 24 மணி நேரத்துல 4 கிராமைத் தாண்டவே கூடாது. வயசானவங்களுக்கு அதுக்குக் கீழேயே நிறுத்துறதுதான் வழக்கம். அட்டையைத் திருப்பிப் படிச்சு கூட்டிப் பாருங்க. டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரையை நீங்களா வாங்கிக் கொடுத்துடாதீங்க. சர்க்கரை, பிரஷர் இருக்குறவங்களுக்கு கிட்னியைப் பாதிக்கும், ரத்தம் உறையாத மருந்தோட சேர்ந்தா வயித்துல ரத்தம் கசியும்.

அந்த ரத்தம் உறையாத மருந்துதான் வீட்டுல முதல்ல மறக்குறது. "காயம் காஞ்சிடுச்சே, இது எதுக்கு"ன்னு நிறுத்திடுவாங்க. கால்ல ரத்தம் கட்டுற ஆபத்து காயம் ஆறின பிறகும் சில வாரம் இருக்கும். டிஸ்சார்ஜ் தாள்ல எத்தனை நாள்னு இருக்கோ அத்தனை நாளும் வேணும். வயித்துல போடுற ஊசியா இருந்தா தொப்புள்லருந்து ரெண்டு அங்குலம் தள்ளி, தினம் பக்கம் மாத்திப் போடணும். ரெடியா மருந்து நிரப்பின சிரிஞ்சுல இருக்குற காத்துக் குமிழைத் தள்ளி விடக் கூடாது, போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது. தேய்ச்சா நீலமா கன்னிப்போகும்.

டிரஸ்ஸிங்: மாத்தச் சொன்ன தேதி வரைக்கும் திறக்க வேண்டாம். மஞ்சள், தேங்காய் எண்ணெய், பவுடர், விபூதி, எதுவும் காயத்துக்குக் கிட்ட வரக் கூடாது. இப்போ வேலூர் வெயில் உங்களுக்குத் தெரியும், வேர்வையிலயே பிளாஸ்டர் ஓரம் கழண்டுடும். கால் பக்கம் தனியா ஒரு டேபிள் ஃபேன் வைங்க. ஓரம் கழண்டாலோ உள்ளே ஈரமானாலோ மேல இன்னொரு பிளாஸ்டர் ஒட்டி மறைக்காதீங்க, மாத்தணும். தையலோ பின்னோ எடுக்குறது பொதுவா 12 முதல் 14 நாள், சர்க்கரை இருந்தா ஒண்ணு ரெண்டு நாள் தள்ளும். அதுவரைக்கும் ஈரத்துணியால துடைச்சு விடுறதுதான் குளியல். பின் போட்டிருந்தா அதை எடுக்கத் தனிக் கருவி வேணும். குடியாத்தத்துலயே எடுத்துக்கலாமா, வேலூர் வரணுமான்னு டிஸ்சார்ஜ் அன்னிக்கே கேட்டு எழுதி வாங்கிக்குங்க.

பயப்பட வேண்டாதது: நாலஞ்சு நாள் கழிச்சு தொடையிலருந்து கணுக்கால் வரைக்கும் நீலம், பச்சையா கன்னிப்போறது, முட்டி தொட்டா சூடா இருக்குறது, நடக்கும்போது "டக்"குன்னு சத்தம், சாயங்காலம் வீக்கம் ஏறி ராத்திரி கால் தூக்கி வெச்சா வடியுறது.

உடனே போன் பண்ண வேண்டியது: 100.4 டிகிரிக்கு மேல காய்ச்சல், காயத்துலருந்து மஞ்சளா வடியுறது இல்ல நாத்தம், சிவப்பு நாளுக்கு நாள் பரவுறது, கெண்டைக்கால்ல புதுசா வலி, ராத்திரி முழுக்கத் தூக்கி வெச்சும் வடியாத வீக்கம். திடீர்னு மூச்சு வாங்குது, நெஞ்சு வலிக்குதுன்னா யாரையும் கேக்காதீங்க, நேரா 108.

சாப்பாடு. சித்திகிட்ட மரியாதையா சொல்லுங்க, சீழ் வைக்கிறது கிருமியால, கத்திரிக்காயால இல்ல. இலவம்பாடி முள்ளு கத்திரிக்கா கிடைச்சா தாராளமா குழம்பு வைங்க. அம்மாவுக்கு அதுல அலர்ஜி இருந்தா மட்டும் தவிர்க்கணும். புண் ஆற புரதம் வேணும். கிட்னி கோளாறு இல்லைன்னா கிலோவுக்கு 1.2 கிராம்னு வெச்சா 62 கிலோவுக்கு 74 கிராம். ரெண்டு முட்டை 12, பாலும் தயிருமா 400 மில்லி 13, ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டல் 14, 50 கிராம் பருப்பு 11, நூறு கிராம் வெந்த கோழியோ மீனோ 22. கிட்டத்தட்ட வந்துடுச்சா? சித்தி சொல்ற பத்தியத்துல இதுல பாதி போயிடும், மிச்சம் ரசம் சாதம்தான்.

சர்க்கரை இப்போ ரெண்டு பக்கமும் ஆடும். ஆபரேஷன் பண்ணின உடம்புல ஏறும். சாப்பாடு இறங்காம மாத்திரை மட்டும் போட்டா சட்டுனு இறங்கும். வெறும் வயித்துல ஒண்ணு, சாப்பிட்டு ரெண்டு மணி நேரத்துல ஒண்ணுன்னு வீட்டு மெஷின்ல பார்த்து அதே நோட்டுல எழுதுங்க. 70-க்குக் கீழே, இல்ல வேர்த்து நடுங்குதுன்னா மூணு டீஸ்பூன் சர்க்கரை தண்ணியில கரைச்சு, 15 நிமிஷத்துல திரும்பப் பாருங்க.

டிராமடால் எழுதியிருந்தா மலச்சிக்கல் பெரும்பாலும் வரும். நாலாவது நாள் வரைக்கும் விடாதீங்க. தண்ணி, கீரை, ராத்திரி ரெண்டு டீஸ்பூன் இசப்கோல் ஒரு முழு டம்ளர் தண்ணியில, அதுக்கு மேல இன்னொரு டம்ளர் தண்ணி. தண்ணி குறைஞ்சா அதுவே அடைச்சுக்கும். மத்த மாத்திரைக்கும் அதுக்கும் ரெண்டு மணி நேரம் இடைவெளி விடுங்க.

சேண்பாக்கத்தான்:

ஆள் கணக்குக்கு வர்றேன். வேலூர் பாகாயத்துல சிஎம்சி ஆஸ்பத்திரியோட மறுவாழ்வு மையம் 1966-லருந்து இருக்குது. முதுகுத் தண்டு அடிபட்டவங்களோட வீட்டு ஆளையும் கூடவே தங்க வெச்சு எல்லா வேலையும் கத்துக் குடுப்பாங்க. உங்களுக்கு அவ்ளோ தேவையில்ல. ஆனா டிஸ்சார்ஜுக்கு முன்னாடி வார்டு பிசியோ முன்னால, உங்க கையால அம்மாவை ஒரு தபா கட்டில்லருந்து எழுப்பிக் காட்டுங்க. அக்குள்ல கை குடுத்துத் தூக்குறதுதான் எல்லாரும் செய்றது. தோளும் வலிக்கும், ரெண்டு பேரும் சேந்து விழுவீங்க. ஆபரேஷன் கால் பக்கம் அரை அடி பின்னால நின்னுகினு, இடுப்புல ஒரு கை மட்டும். எழுறது அவங்க வேலை, விழாம பாத்துக்கிறதுதான் உங்க வேலை.

தம்பியை இப்போ வரச் சொல்லாதீங்க. எல்லா வீட்லயும் முதல் வாரம் பத்து பேர் குமிஞ்சுடுவாங்க, மூணாவது வாரம் தண்ணி குடுக்க ஆள் இருக்காது. உங்க லீவு பத்தாம் நாளோட முடியுது, தம்பி லீவு பதினோராம் நாள் ஆரம்பிக்கட்டும். தையல் எடுக்குற நாள் அவன் கையில. அதுவரைக்கும் பெங்களூருலருந்தே அவனுக்கு வேலை இருக்குது: ரிவ்யூ தேதி, இன்சூரன்ஸ் பேப்பர், மாத்திரை தீருறதுக்கு நாலு நாள் முன்னாடி வாங்கிப் போடுறது. தினம் ராத்திரி ஏழு மணிக்கு போன்ல நோட்டைப் படிச்சுக் காட்டச் சொல்லட்டும். தூரத்துல இருக்குறவன் கண்ணுக்குத்தான் "நேத்து மத்தியானம் ஒண்ணும் எழுதலியே" தெரியும்.

ராத்திரிதான் முக்கியம். விழுறது பெரும்பாலும் ராத்திரி ரெண்டு மணிக்கு, ஒன்னுக்குப் போவ எழும்போது. நீங்களே பத்து ராத்திரியும் முழிச்சா அஞ்சாம் நாள் நீங்களே தப்பு மாத்திரை குடுப்பீங்க. வெள்ளி, சனி ராத்திரி உங்க அக்கா. நடுவுல ரெண்டு ராத்திரி சித்தி. மிச்சம் நீங்க. ராத்திரி ஆளு கட்டிலுக்குக் குறுக்கால தரையில படுக்கக் கூடாது, அம்மா எழுந்தா கால் தடுக்கும். ஜீரோ வாட்ஸ் லைட்டு, கையெட்டுற தூரத்துல வாக்கரு, ஒரு மணியோ காலிங் பெல்லோ. எழுந்ததும் கட்டில் ஓரத்துல ரெண்டு நிமிஷம் உக்காந்து காலை ஆட்டிட்டுதான் நிக்கணும். பிரஷர் மாத்திரை போடுறவங்களுக்கு சட்டுனு நின்னா தலை சுத்தும்.

பக்கத்து வீட்டு அக்காங்களுக்கு நேரம் வெச்சு வேலை குடுங்க. பதினோரு மணிக்கு ஒருத்தவங்க, நாலு மணிக்கு ஒருத்தவங்க, அம்மா கூட நடக்கிறதுக்கு. பேசிகினே நடந்தா வலி தெரியாது. டிரஸ்ஸிங்கும் மாத்திரையும் அவங்க தொடவே வேணாம். பீடித்தூள் கையோட வரக் கூடாது, சோப்பு போட்டு கழுவிட்டு வரணும். "என்னமா வேணும்?"னு கேக்குறவங்ககிட்ட "ஒண்ணும் வேணாம்"னு சொல்லாதீங்க. "வியாழக்கெழமை பத்துலருந்து பன்னெண்டு வரைக்கும் வந்து உக்காருங்க, நான் பேங்க் போவணும்"னு சொல்லுங்க. ஆர்லிக்ஸ் வாங்கினு வர்றவங்ககிட்ட ஒரு டஜன் முட்டை கேளுங்க, சந்தோஷமா வாங்கிக் குடுப்பாங்க.

பாக்க வர்றவங்களுக்கு சாயங்காலம் அஞ்சுலருந்து ஆறு. கட்டில்ல யாரும் உக்காரக் கூடாது. இதை நீங்க சொன்னா கோவிச்சுப்பாங்க, சித்தி சொன்னா கேப்பாங்க. சித்திக்கு அந்த வேலையைக் குடுத்துடுங்க, பத்தியச் சண்டையும் ஓஞ்சுடும்.

சிரசு அன்னிக்கு: அந்த வாரம் ரிவ்யூ வேணாம்னு முன்னாடியே தேதி மாத்துங்க. ஊருக்குள்ள வண்டி நொழையாது. மூணு நாள் மாத்திரை, ஐஸ் எல்லாம் முந்தின நாளே. 108 எந்தத் தெரு முனை வரைக்கும் வரும்னு பாத்து வெச்சுக்குங்க. சிரசு பாக்காம அம்மா இருக்க மாட்டாங்க, தெரியும். திண்ணையில உயரமான சேரு போட்டு, முன்னால ஆளுங்க இல்லாம ஒரு பென்ச்ச குறுக்கால போட்டுடுங்க. தெருவுல இறக்காதீங்க. கூட்டத்தைவிட, தேங்கா ஒடச்ச தண்ணியில வாக்கர் ரப்பர் வழுக்கும். வாசல்ல ஈரக் கோலத்துக்கும் அதேதான், ஒரு மாசத்துக்கு அம்மா உள்ளருந்து பாக்கட்டும்.

வள்ளிமலை ரோடு:

காரைப் பத்தி யாரும் சொல்லல. வேலூர்லருந்து குடியாத்தம் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். கிளம்ப அரை மணி முன்னாடி வலி மாத்திரை. முன் சீட்டைக் கடைசி வரைக்கும் பின்னால தள்ளி, சாய்வைக் கொஞ்சம் இறக்குங்க. சீட்டு மேல ஒரு பெரிய பிளாஸ்டிக் கவரை விரிச்சா உடம்பு வழுக்கித் திரும்பும், முட்டி முறுக்கிக்காது. முதுகைக் காட்டிப் பின்னால நகர்ந்து, சீட்டு கால்ல பட்டதும் உக்காந்து, அப்புறம் ரெண்டு காலும் உள்ளே. உக்காந்ததும் கவரை உருவிடுங்க, இல்லன்னா பிரேக் போடும்போது முன்னால வழுக்கும். ரொம்பத் தாழ்வான கார் வேண்டாம், படி ஏறுற வேனும் வேண்டாம். பாதி வழியில நிறுத்தி ரெண்டு நிமிஷம் நிக்க வைங்க. ஷேர் ஆட்டோ நினைச்சுக்கூடப் பாக்காதீங்க.

குடியாத்தம் சின்னப்பொண்ணு:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அக்காவும் இதைப் படித்துவிட்டு ஒத்துக்கொண்டார். அளந்து பார்த்தேன். கட்டில் மெத்தையோடு 15 அங்குலம். உட்கார்ந்த நிலையில் தரையிலிருந்து அம்மாவின் முட்டி மடிப்பு வரை பதினாறரை. கழிவறை நிலைக்கு நடுவே 25 அங்குலம், ஆனால் கதவு திறந்து நிற்கும்போது 23-தான் மிஞ்சுகிறது. வாக்கர் 24. கட்டில் காலுக்குச் செங்கல் வைக்கலாம் என்கிறார் சித்தி. பீடி விஷயத்தைக் கேட்கச் சொல்லி அம்மா மறுபடி சொல்கிறார்.

காட்பாடி பிசியோ:

கதவைக் கீலிலிருந்து கழற்றி மாடியில் போடுங்கள், 25 கிடைத்துவிடும். அந்த இடத்தில் ஒரு திரை. தரையிலிருந்து அரை அடி மேலேயே முடியணும், வாக்கர் காலில் சிக்கக் கூடாது. ஆறு வாரம் கழித்துக் கதவை மாட்டிக்கொள்ளலாம்.

கட்டில் பதினெட்டரை, பத்தொன்பது அங்குலம் வரணும், அதாவது நாலு அங்குலம் ஏற்றணும். சும்மா வைத்த செங்கல் வேண்டாம், அம்மா ஓரத்தில் உட்காரும்போது கால் நழுவும். மேலே இன்னொரு நாலு அங்குலத் தென்னைநார் மெத்தை போடுவதுதான் சுலபம். பஞ்சு மெத்தை அமுங்கிவிடும், கயிற்றுக் கட்டில் பேச்சே வேண்டாம். மெத்தை கிடைக்காவிட்டால் தச்சரிடம் ஐந்தரை அங்குல மரக்கட்டை நாலு, ஒவ்வொன்றிலும் கட்டில் கால் உட்கார ஒன்றரை அங்குலம் குழி வெட்டி வாங்குங்கள். நாலு காலுக்கும் வைக்கணும், கட்டிலின் ஒரு பக்கம் சுவரை ஒட்டி இருக்கணும். அம்மா இறங்குவது நல்ல கால் பக்கமாகவா, ஆபரேஷன் கால் பக்கமாகவா என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை, வார்டில் எந்தப் பக்கம் இறங்கிப் பழகினாரோ அதே பக்கம் வையுங்கள்.

பீடிக்கு அம்மாவிடம் நேராகச் சொல்லிவிடுங்கள்: தரையில் சம்மணம் போட்டு இனி இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து என்றால், ஆறு வார ரிவ்யூவில் டாக்டர் சரி என்ற பிறகு. ஆரம்பத்தில் அரை மணி நேரம், எழுந்து ஐந்து நிமிஷம் நடை, மறுபடி அரை மணி. அவருக்கு நூறு, ஐநூறு என்று கட்டுக் கணக்கு தெரியும், மணி பார்க்க மாட்டார். மொபைலில் அலாரம் வைத்துக் கொடுங்கள். காலைத் தொங்கவிட்டே உட்கார்ந்தால் பாதம் வீங்கும், எதிரில் ஒரு முக்காலி போட்டு நடுநடுவே காலை நீட்டி வைக்கணும். முக்காலி குதிகாலைத் தாங்கட்டும், முட்டி நேராக இருக்கட்டும். அதுவரை வெற்றிலையில் புகையிலை போடும் பழக்கம் இருந்தால் நிறுத்தப் பாருங்கள். நிகோட்டின் ரத்தக் குழாயைச் சுருக்கும், புண் ஆறத் தாமதமாகும். புகையிலைத் தூளைக் கையாளும்போது அது தோல் வழியாகவும் ஏறும். தையல் பிரித்த உடனே பீடி சுத்துகிற முறத்தைக் கையில் கொடுக்காமல் இருக்க அது இன்னொரு காரணம்.

முறம் மடியில் இருக்கலாம், கனம் ஒன்றும் இல்லை. இலை, தூள், நூல், கத்தரிக்கோல் எல்லாம் இடுப்பு உயர ஸ்டூலில், கையெட்டும் தூரத்தில். தரையிலிருந்து குனிந்து எடுக்கிற மாதிரி எதுவும் இருக்கக் கூடாது. பக்கத்து வீட்டு அக்காங்க கூட வந்து உட்கார்ந்து சுத்துவார்கள் என்றால் இலை ஊற வைத்துச் சுற்றின ஈரச் சாக்கைப் பாருங்கள். அதை எங்கே வைத்தாலும் தண்ணீர் கசிந்து சிமெண்ட் தரையில் ஓடும். ஒரு அகலமான பேசினில் வைத்து, அம்மா நாற்காலியிலிருந்து கழிவறைக்குப் போகிற வழிக்கு எதிர்ப்பக்கம் தள்ளிவிடுங்கள்.